நெல்லைப் பக்கம் கடை வச்சிருக்கவங்க ஏஐய எங்கன இருந்து ஆரம்பிக்கணும்

இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் அண்ணாச்சிமாரு ஒரே கேள்விதான் கேக்காவ, ஏஐ ஏஐன்னு சொல்லுதாங்களே அத வச்சு நம்ம யாவாரத்துக்கு என்னத்த செய்யன்னு. யூடியூப்ல பாத்தா ஒருத்தன் ஒரே மாசத்துல லாபத்த ரெண்டு மடங்காக்கிக் காட்டுதேங்கான், இன்னொருத்தன் இனிமே கடையில ஆளே வேண்டாம்னு பயங்காட்டுதான், ரெண்டு பேரும் ஒரு நாளாவது கல்லாவுல உக்காந்திருப்பானான்னு தெரியல. நான் டவுன்லயும் பாளையங்கோட்டையிலயும் சின்னச் சின்னக் கடைகளுக்கு கணக்கும் கம்ப்யூட்டரும் பாத்துக் குடுக்கேன். ஸ்வீட் கடை, மளிகை, பாய் யாவாரம், ஹார்டுவேர்னு இந்த மாதிரி இடத்துல எது உருப்படியா உதவுது, எது வெறும் பேச்சுன்னு தெரிஞ்ச வரைக்கும் சொல்லுதேன். பெரிய கம்பெனிக்காரங்களுக்கு ஆள் அம்பு எல்லாம் இருக்கு, இது அவங்களுக்கு இல்ல.

காக்னிட்டிவ் கம்ப்யூட்டிங்னு ஒரு பேரும் காதுல விழுந்திருக்கும். ஐபிஎம் கம்பெனிக்காரன் வாட்சன்னு ஒரு மிஷின் செஞ்சு 2011-ல அமெரிக்க டிவில ஜெபர்டிங்கற வினாடி வினா நிகழ்ச்சில விட்டான், அது ரெண்டு பழைய சாம்பியன்கள ஜெயிச்சுட்டு, அதுக்குப் பொறவு இந்தப் பேரு ரொம்ப அடிபட்டுச்சு. விசயம் இதுதான், நாம சாதாரணமா பேசுறதையும் எழுதுறதையும் மிஷின் வாசிச்சு, இதுவா இருக்கலாம், இவ்வளவு நம்பிக்கையா சொல்லுதேன்னு சொல்லும், முடிவ மனுசன் எடுக்கணும். 2022 நவம்பர் கடைசில, நாம எழுதிக் கேட்டா எழுத்துல பதில் சொல்லுற சாட்ஜிபிடிங்கற சாட் ஆப்பு வந்ததுல இருந்து எல்லாத்தையும் சேத்து ஏஐன்னே சொல்லிட்டாங்க, பேரு மாறுனாலும் முடிவு மனுசன் கையிலங்கறது மாறல, மாறவும் விடாதீங்க. நம்ம கடைக்குன்னு பாத்தா அதுகிட்ட மூணு வேலைதான் வாங்க முடியும். பில்லு, வாய்ஸ் மெசேஜ் இதையெல்லாம் வாசிச்சு கேட்டு ஒழுங்குபடுத்தித் தரும், நாளைக்கு எவ்வளவு போகும்னு யூகம் சொல்லும், பதிலோ விளம்பரமோ எழுதிக் குடுக்கும்.

அதே வாட்சன் கதையில இன்னொரு பாதி இருக்கு, அத யாரும் சொல்லமாட்டாங்க. ஹூஸ்டன்ல எம்.டி.ஆண்டர்சன்னு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரி, அங்க டாக்டர்களுக்கு யோசனை சொல்ல வாட்சன வச்சு ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க, 6 கோடியே 20 லட்சம் டாலர் செலவழிஞ்சிட்டுன்னு ஆடிட் அறிக்கை சொன்னது 2017-ல வெளிய தெரிஞ்சுது, ஒரு நோயாளிக்குக் கூட அது பயன்பாட்டுக்கு வரல. அதுல உள்ள சிக்கல்ல ஒண்ணு என்ன தெரியுமா, நடுவுல ஆஸ்பத்திரி நோயாளிகளோட பதிவு வைக்கிற சாப்ட்வேர மாத்திட்டு, புதுப் பதிவோட இந்த ஏற்பாடு ஒட்டவே இல்ல. அவ்வளவு பணம் இருந்தவங்களுக்கே நோட்டுப் புத்தகம் மாறுனதும் சிக்கலாகிட்டு. அதனால மொத வேலை ஏஐ இல்ல, நோட்டு.

நோட்டுன்னா பற்று வரவு நோட்டச் சொல்லல, அது எல்லாக் கடையிலயும் இருக்கு. அதுல யாரு எவ்வளவு பாக்கின்னு இருக்கும், எந்தப் பொருள் எந்த நாள் எவ்வளவு போச்சுன்னு இருக்காது. கட்டம் கட்டமா கணக்கு எழுதுற கூகுள் சீட் ஒண்ணு திறங்க, போன்லயே போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, கிழமை, பொருள், எவ்வளவு போட்டோம், எவ்வளவு வித்துச்சு, எவ்வளவு மிஞ்சுச்சு, எத்தன மணிக்குத் தீந்துச்சு, கடைசியா "ஏன்"னு ஒரு கட்டம். எத்தன மணிக்குத் தீந்துச்சுங்கறத விட்ராதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கே 40 கிலோவும் தீந்துட்டுன்னா அன்னைக்கு வாங்க வந்தது 40 கிலோவுக்கு மட்டும்னு அர்த்தம் இல்ல, மிச்சம் பேரு திரும்பிப் போயிருக்காவ, அது எந்தக் கணக்குலயும் வராது. "ஏன்" கட்டத்துல கடைப்பையன் என்ன சொல்லுதானோ அப்படியே எழுதுங்க: முகூர்த்தம், மழை, பள்ளிக்கூடம் லீவு, குத்தாலத்துல சீசன் கூட்டம், ஐயப்பன் பக்தர் வண்டி ரெண்டு வந்து நின்னுச்சு, எதுத்த கடை அடைப்பு. இந்தக் கட்டம்தான் மிஷினுக்கு எங்கயும் கிடைக்காத சரக்கு, இண்டர்நெட் முழுக்கத் தேடுனாலும் உங்க தெரு சங்கதி அதுக்குத் தெரியாதுல்லா.

பண்டிகை தேதிய கண்டிப்பா தனியா குறிக்கணும். தீபாவளியையே எடுத்துக்கிடுங்க, 2023-ல நவம்பர் 12, 2024-ல அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20, 2026-ல நவம்பர் 8. இங்கிலீஷ் தேதிய மட்டும் குடுத்தா மிஷின் போன வருசம் அக்டோபர் மூணாவது வாரம் நல்லா ஓடுச்சு, இந்த வருசமும் ஓடும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லும், நீங்களும் நெய் டின்ன இறக்கி வச்சுட்டு முழிக்க வேண்டியதுதான். "தீபாவளிக்கு எத்தன நாள் முன்னாடி"ன்னு ஒரு கட்டம் போட்டா இந்தத் தொல்லை தீந்துது. ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசை, பங்குனி உத்திரம் எல்லாத்துக்கும் இதே வைத்தியம்.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி ஆறு நெல்லை ஜங்ஷன் பக்கம் வரைக்கும் ஏறி வந்துட்டு. அந்த வாரம் பல கடையோட கணக்குல முட்டைதான் இருக்கும். நமக்கு ஏன்னு தெரியும், மிஷினுக்குத் தெரியாது, டிசம்பர் மூணாவது வாரம்னாலே இந்த ஊர்ல யாவாரம் படுத்துரும்னு அது பாடம் படிச்சுக்கிடும். கொரோனா அடைப்பு நாளும் அப்படித்தான். அந்த வரிய அழிக்காதீங்க, "கணக்குல சேக்காதே"ன்னு குறிச்சு வைங்க. நோட்டு நனைஞ்சு போன கடையும் அந்த வெள்ளத்துல நெறைய, சீட் கூகுள்ல கிடந்தா கடைக்குள்ள தண்ணி வந்தாலும் கணக்கு இருக்கும், அது ஒரு கொசுறு லாபம்.

சரி, யூகத்துக்கு வருவோம். இத அல்வாவ வச்சு சொன்னாத்தான் நம்ம ஆளுகளுக்குப் புரியும். சம்பா கோதுமைய ஊறப் போட்டு அரைச்சு பால் எடுத்து புளிக்க வைக்கணும், அதனால நாளைக்கு எவ்வளவு போகும்னு இன்னைக்கே முடிவெடுத்தாகணும், நாளைக்குக் கூட்டத்தப் பாத்துட்டு திடீர்னு கிண்ட முடியாது. இங்கனதான் யூகம் காசாகுது. ஆனா ஏஐகிட்ட போறதுக்கு முன்னாடி கணக்க நீங்களே ஒரு தடவ போட்டுப் பாருங்க. ஒரு பேச்சுக்கு போன நாலு வெள்ளிக்கிழமை 42, 38, 45, 43 கிலோ போயிருக்குன்னு வைங்க, கூட்டுனா 168, நாலால வகுத்தா 42. வர்ற வெள்ளிக்கு 42-ன்னு எழுதுங்க. இது பள்ளிக்கூடத்துக் கணக்கு, காசு கிடையாது. இதே நாலு வெள்ளில ஒண்ணு தேரோட்டத்தன்னைக்கு விழுந்து 42, 38, 96, 44-ன்னு இருந்தா சராசரி 55-க்கு எகிறிரும், அது பொய்க் கணக்கு. அப்போ வரிசைப்படுத்தி நடுவுல உள்ளத எடுங்க, 38, 42, 44, 96-ல நடு 43, அது நியாயமா இருக்கா இல்லையா. சீட்ல மீடியன்னு ஒரு பார்முலா இருக்கு, அது இந்த வேலையத்தான் செய்யும்.

இந்த ஓசிக் கணக்க ஏஐ ஜெயிக்கணும், ஜெயிச்சாத்தான் அதுக்கு நம்ம கடையில வேலை. எப்படி சோதிக்கன்னா ஒரு மாசத்துக்கு தினமும் முந்துன நாளே ரெண்டு யூகம் எழுதி வைங்க, ஒண்ணு மேல சொன்ன கணக்கு, இன்னொண்ணு ஏஐ சொன்னது. மறுநாள் நெசமா எவ்வளவு போச்சோ அத மூணாவதா எழுதணும். 47 கிலோ போன அன்னைக்கு உங்க கணக்கு 42-ன்னா தப்பு 5, ஏஐ 51-ன்னு சொன்னா அதோட தப்பு 4. கூடவோ குறையவோ பாக்காம தப்ப மட்டும் மாசக் கடைசில கூட்டுங்க, யாருக்குக் கம்மியோ அவன் கெட்டிக்காரன். ஏஐ தோத்துட்டுன்னா அந்தப் பொருளுக்கு சவத்த விட்ருங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, தினமும் ஒரே மாதிரி போற பொருளுக்கு எந்த மிஷினும் சராசரிய தாண்டாது. பண்டிகை முகூர்த்தம்னு ஏறி இறங்குற பொருள்லதான் அதோட சாமர்த்தியம் தெரியும், அதுவும் "ஏன்" கட்டம் நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா.

ஏஐகிட்ட கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. "நாளைக்கு எவ்வளவு போகும்"னு மொட்டையா கேட்டா அது பாட்டுக்கு ஏதாவது ஒரு நம்பர ஜம்முனு சொல்லும். சீட்ட அப்படியே காப்பி பண்ணி சாட்ஜிபிடி மாதிரி ஆப்புல போட்டு இந்த மாதிரி எழுதுங்க, தமிழ்லயே எழுதலாம்:

"இது என் ஸ்வீட் கடையோட மூணு மாச விற்பனை. 'கணக்குல சேக்காதே'ன்னு இருக்க நாள விட்ரு. சீக்கிரமே தீந்து போன நாள்ல தேவை கூட இருந்திருக்கும்னு எடுத்துக்கோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் உண்டு, மழை இல்ல. அல்வா எவ்வளவு போகும்னு குறைஞ்சது, கூடுனது ரெண்டும் சொல்லு, எந்தெந்த நாள வச்சு அப்படிச் சொல்லுதன்னு தேதியோட காட்டு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கணக்க நீ போடாத, சீட்ல போடுறதுக்கு பார்முலா எழுதிக் குடு."

கடைசி வரி எதுக்குன்னா, இந்த சாட் ஆப்பு எல்லாம் அடுத்து எந்த வார்த்தை வரும்னு யூகிக்கிறதுல புலி, பெரிய பெரிய கூட்டல்ல சில நேரம் சறுக்கும், சறுக்குனதும் தெரியாத மாதிரி தெளிவா பேசும். சீட் கூட்டுனா தப்பாது. தேதிய காட்டச் சொல்லுறதும் அதுக்குத்தான், அது சொன்ன தேதிய சீட்ல போய்ப் பாருங்க, இல்லாத நாள சொல்லியிருந்தா அன்னைக்கு அது சொன்ன எதையும் எடுக்காதீங்க.

கூடுனது குறைஞ்சது ரெண்டையும் கேக்கச் சொன்னேன்லா, அதுல எதப் பிடிக்கணும்ங்கறது சரக்கப் பொறுத்தது. அல்வா ரெண்டு கிலோ மிஞ்சுனா நாளைக்கு விக்கலாம், அதுக்கு கூடுன நம்பர் பக்கம் சாயலாம். பால் ஸ்வீட்டு, இட்லி மாவு, காய்கறி இதெல்லாம் மிஞ்சுனா குப்பை, அங்க கீழ் நம்பருதான். இல்லன்னு திருப்பி அனுப்புன நட்டம் பெருசா, மிஞ்சி கொட்டுன நட்டம் பெருசான்னு ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கதான் சொல்லணும், இந்த விசயத்துல மிஷின விட உங்க வீட்டு அக்காவுக்கு நல்லா தெரியும்.

அடுத்தது வாட்ஸ்அப் ஆர்டர். இப்போ யாரும் டைப் பண்ணுறதில்ல, வாய்ஸ் மெசேஜ்தான், அதுவும் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு. இத எழுத்தா மாத்திக் குடுக்க ஏஐ நல்ல ஆளு, ஆனா நம்ம பேச்சுல ஒரு கண்ணி இருக்கு. "அண்ணாச்சி, ரெண்டு அரைக்கிலோ அல்வா, ஒரு கால் கிலோ மிச்சர் எடுத்து வைங்க, சாயங்காலம் மருமவன் வருவான் குடுத்து விடுங்க"ன்னு வருது. அரைக்கிலோ பொட்டலம் ரெண்டு, ஆக ஒரு கிலோ. மிஷின் அத ரெண்டரைக் கிலோன்னு கேட்டு எழுதிட்டுன்னா ஒன்றரைக் கிலோ அல்வா கூடப் பொட்டலம் போட்டு வச்சிருப்பீங்க, மருமவன் வந்து நிப்பான், வாக்குவாதம்தான். அதுக்கு வழி, மொதல்லயே அதுகிட்ட சொல்லி வைக்கணும், அளவ கிராம்லயும் பொட்டலத்துலயும் எழுது, 500 கிராம் பொட்டலம் 2-ன்னு, சந்தேகமா இருந்தா "கேக்கணும்"னு போடுன்னு. கூடவே உங்க கடை சாமான் பேரையெல்லாம் ஜனங்க எப்படிச் சொல்லுதாங்களோ அப்படியே ஒரு லிஸ்ட்டா குடுத்துருங்க, சேவு வேற காரச்சேவு வேறன்னு அதுக்கு எப்படித் தெரியும். கடைசியா எழுதுன ஆர்டர அந்த ஆளுக்கே திருப்பி அனுப்பி சரியான்னு கேளுங்க, ஒரு நிமிச வேலை, தப்பு அங்கயே நின்னுரும்.

பில்லு வாசிக்கிறதப் பத்தி நெறைய சொல்ல வேண்டாம். போட்டோ எடுத்துப் போட்டு பட்டியலா தான்னு கேட்டா தந்துரும். அச்சடிச்ச பில்லுன்னா பெரும்பாலும் சரியா இருக்கும், கார்பன் காப்பியில கையெழுத்துன்னா 1-ஐயும் 7-ஐயும் மாத்திரும். வரிகளக் கூட்டி பில்லோட கடைசித் தொகையோட ஒத்துப் பாருங்க. ஜிஎஸ்டி நம்பர் மொத்தம் 15 எழுத்து, தமிழ்நாட்டுல பதிவு பண்ணுன யாவாரின்னா 33-ல ஆரம்பிக்கும், அதுல ஒண்ணு ஒத்து வரலன்னாலும் மிஷின் தப்பா வாசிச்சிருக்கலாம், பில்லப் பாருங்க. மருந்துக்கடைக்காரங்க எக்ஸ்பயரி தேதிய மட்டும் கண்ணாலதான் பாக்கணும், அதுல சமரசம் கிடையாது.

எழுதுற வேலைல அது கில்லாடி, அதனாலயே ஜாக்கிரதை வேணும். பத்தமடையில கோரையில நெய்யுற பட்டுப்பாய்க்கு ஆன்லைன்ல போட இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதுன்னா, சுத்தமான பட்டு நூல்ல நெஞ்சதுன்னு அடிச்சு விடும், வாங்குனவன் பொய் சொல்லி வித்துட்டான்னு திருப்பி அனுப்புவான். எதுல செஞ்சது, எத்தன நாளாச்சு, நீளம் அகலம், எப்படித் தொடைக்கணும்னு உண்மைய நீங்க குடுங்க, "நான் சொல்லாதது ஒண்ணும் சேக்காத"ன்னு சொல்லுங்க, அழகா எழுதுற வேலைய மட்டும் அது செய்யட்டும். வீரவநல்லூர் சேலை, கல்லிடைக்குறிச்சி அப்பளம், காருகுறிச்சிப் பானை எதுக்கும் இதேதான்.

கஸ்டமர் கேள்விக்கு தானா பதில் சொல்லுற சாட்பாட் வைக்கலாமான்னு கேக்காவ. கடை நேரம், வழி, பார்சல் எந்த ஊருக்குப் போகும், இதுக்கெல்லாம் வைக்கலாம், சொல்லப்போனா வாட்ஸ்அப் பிசினஸ்ல முன்கூட்டியே பதில எழுதி வச்சு நாமளே தட்டி அனுப்புற குயிக் ரிப்ளையே அதுக்குப் போதும், ஏஐ தேவையில்ல. விலை, தள்ளுபடி, திருப்பி எடுக்குறது இத மட்டும் மிஷின் வாய்ல விடாதீங்க. ஏர் கனடா விமானக் கம்பெனியோட சாட்பாட் ஒரு பயணிகிட்ட, துக்கத்துக்குப் போற டிக்கெட்டுக்கு பொறவு விண்ணப்பிச்சாலும் சலுகை உண்டுன்னு தப்பா சொல்லிட்டு. கேஸ் வந்தப்போ கம்பெனி என்ன சொன்னான் தெரியுமா, சாட்பாட் தனி ஆளு, அது சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லன்னான். அங்க உள்ள தீர்ப்பாயம் ஒத்துக்கிடல, 2024 பிப்ரவரில சுமார் 812 கனடா டாலர் குடுக்கச் சொல்லிட்டு. உங்க பேர்ல பேசுனா நீங்க பேசுன மாதிரிதான்.

கஸ்டமர் போன் நம்பர், அட்ரஸ், கடன் பாக்கி, ஆதார் காப்பி இதெல்லாம் சாட் ஆப்புல போடாதீங்க. பேருக்குப் பதிலா க1, க2-ன்னு போட்டாலும் கணக்கு ஒண்ணும் மாறாது. 2023-ல சாம்சங் ஆளுகளே கம்பெனியோட ரகசிய புரோகிராமக் கொண்டுபோய் சாட்ஜிபிடில போட்டுட்டாங்க, பொறவு கம்பெனி அந்த மாதிரி ஆப்புகளுக்கே தடை போட்டுச்சு. நம்ம நாட்டுலயும் 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துட்டு, அதுல அபராதம் அதிகபட்சம் 250 கோடி வரைக்கும் இருக்கு. செட்டிங்ஸ்ல போய் உங்க பேச்ச வச்சு மிஷினுக்குப் பயிற்சி குடுக்குறத ஆப் பண்ணிருங்க, மொத நாளே.

விலை யூகத்துல மட்டும் ஆசைப்படாதீங்க. புளியங்குடி எலுமிச்சை அடுத்த மாசம் என்ன விலை போகும், பாவூர்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி ஏறுமான்னு கேட்டா அதுவும் பதில் சொல்லும், அத நம்பி கொள்முதல் பண்ணக் கூடாது. விலைங்கறது ஆந்திராவுல எவ்வளவு காச்சுது, கேரளாவுக்கு லாரி போச்சான்னு ஆயிரம் சங்கதில தொங்குது, உங்க மூணு மாச சீட்டுக்குள்ள அது எதுவும் இல்ல. யூகம் நல்லா எடுபடுற இடமும் இருக்கு, பணகுடி ராதாபுரம் பக்கம் காத்தாலைகள எடுத்துக்கிடுங்க, பேரிங் சூடு, அதிர்வு இதையெல்லாம் சென்சார் அளந்துக்கிட்டே இருக்கும், வழக்கத்த விட மாறுனா முன்கூட்டியே ஆளு ஏறிப் பாத்துருவான், மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் உள்ள காத்து சீசன்ல ஒரு நாள் நின்னாலும் நட்டம்லா. மாவு மில்லு, ரைஸ் மில்லு வச்சிருக்கவங்களுக்கு அந்த அளவு செலவு வேண்டாம், மோட்டார் எப்போ சூடாச்சு, பெல்ட் எப்போ மாத்துனோம்னு ஒரு சீட் எழுதிட்டு வந்தாலே பாதி தெரிஞ்சுரும்.

உதவிக்கு ஆளுக்கு மெட்ராசுக்கு ஓட வேண்டாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில உக்காந்துக்கிட்டுதான் ஜோஹோக்காரங்க உலகத்துக்கே சாப்ட்வேர் செய்யுதாவ. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு கடைசி வருச புராஜெக்ட்டுக்கு நெசமான கணக்கு வேணும், உங்ககிட்ட கணக்கு இருக்கு, கூப்பிட்டுப் பேசுங்க. ஒரே ஒரு கண்டிசன், எல்லாம் உங்க கூகுள் சீட்லயே இருக்கணும், பரிட்சை முடிஞ்சு அந்தத் தம்பி பெங்களூருக்குப் போயிட்டா லேப்டாப்போட உங்க கணக்கும் போயிரக் கூடாது.

சாப்ட்வேர் விக்க டை கட்டிக்கிட்டு வர்றவங்ககிட்ட நாலு விசயம் கேளுங்க. என் கடையோட போன மூணு மாசக் கணக்கத் தாரேன், கடைசி ஒரு மாசத்த மறைச்சு வச்சிருக்கேன், அத உங்க மிஷின் சொல்லட்டும், பாப்போமா? நிறுத்துனா என் டேட்டா எக்செல்ல திரும்பக் கிடைக்குமா? மாசக் கட்டணம் அடுத்த வருசம் எவ்வளவு ஆகும், எழுதித் தருவீங்களா? தமிழ்ல வாய்ஸ் எடுக்கும்னா இந்தா என் கஸ்டமர் மெசேஜ் பத்து இருக்கு, இப்பவே போட்டுக் காட்டுங்க. மொதக் கேள்வியிலயே பாதி பேரு பொறவு வாரேன்னு கிளம்பிருவாங்க.

ஆரம்பிக்க நேரமும் பாக்கணும், நல்ல நேரம் ராகுகாலத்தச் சொல்லல. தீபாவளிக்கு முந்துன மாசத்துல தொடங்காதீங்க, யாருக்கும் எழுதக் கை ஓயாது. தை பொறந்து கூட்டம் அடங்குனதும் தொடங்குனா சித்திரைக்குள்ள மூணு மாசக் கணக்கு கைல இருக்கும், ஆனித் தேரோட்டத்துல மொதத் தடவையா சோதிச்சுப் பாக்கலாம், அதுல வந்த தப்பத் திருத்திக்கிட்டு தீபாவளிக்கு இறங்கலாம். ஒரே ஒரு பொருள்ல தொடங்குங்க, எது மிஞ்சுனா உங்களுக்கு வயிறு எரியுதோ அந்தப் பொருள்ல.